கூடிவந்த சம்பளம்

எழுபதுகளின் தொடக்கத்தில், திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் ஒரு தனியார் கம்பனியின் கந்தோரில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மாதக் கடைசியில் சம்பள உறை கைக்கு வந்ததும் மற்றவர்கள் காசை எண்ணுவார்கள். நான் உள்ளே மடித்து வைத்திருக்கும் சிட்டையைத்தான் முதலில் விரிப்பேன். எதற்கு எவ்வளவு வெட்டினார்கள் என்று தெரியாமல் மிச்சத்தை எண்ணி என்ன பயன்?

தேநீர்ச் செலவுக்கு ஒரு வெட்டு, நலன்புரிச் சங்கத்துக்கு ஒரு வெட்டு, சேமலாப நிதிக்கு ஒரு வெட்டு. முதல் இரண்டுக்கும் நான் சண்டை பிடித்திருக்கிறேன். அந்தத் தேநீரைக் குடிப்பதற்கு அவர்கள்தான் எனக்குக் காசு தந்திருக்க வேண்டும். மூன்றாவதோடு எனக்குப் பகையில்லை. நான் போடுவதைவிடக் கூடுதலாகக் கம்பனியும் என் பெயரில் போட்டாக வேண்டும் என்பது சட்டம். வயதுபோன காலத்தில் யாரிடமும் கைநீட்டத் தேவையில்லை.

அதில் பெண்களுக்கு ஒரு சலுகை இருந்தது. கலியாணத்துக்காக வேலையை விட்டால், வயதாகும்வரை காத்திராமல் அப்போதே முழுக் காசையும் எடுக்கலாம். எங்கள் கந்தோரில் அந்தச் சலுகை வழக்கமாகவே மாறிவிட்டது. கலியாணம் என்றால் காசோடு வீட்டுக்குப் போவது. எனக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவரும் அப்படித்தான் போனார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவுமில்லை.

எனக்கும் கலியாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குச் சீனன்குடாவில் அரசாங்க வேலை. எங்கள் பங்குக் கோவிலில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் அறிவியுங்கள் என்று சாமியார் மூன்று ஞாயிறு பூசைகளில் வாசிப்பதைத்தான் ஓலை என்போம். எங்கள் தலைமைக் கிளாக்கரும் அதே பங்குதான். முன்வாங்கில் இருந்தவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

அந்த மாதம் உறை வழக்கத்தைவிடக் கனத்தது. பக்கத்து மேசைப் பெண், "கலியாணப் பரிசாக்கும்" என்றாள். சிட்டையை விரித்தேன். சேமலாப நிதிக்கு நேரே வெறும் கோடு, ஒரு சதமும் வெட்டவில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த வெட்டு இல்லையென்றால் நான் அங்கே வேலையில் இல்லை என்றுதான் அர்த்தம். நான் ஒரு கடிதமும் கொடுக்காமலே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நேரே தலைமைக் கிளாக்கரிடம் போனேன்.

"ஐயா, என்ட சேமலாபத்தை ஏன் வெட்டேல்லை?"

"காசு எடுக்கப் போறீர்தானே பிள்ளை. பிறகேன் சும்மா வெட்டுவான்? கணக்கை இப்பவே முடிச்சால் கெதியா வரும். கலியாணச் செலவுக்கு உதவும்."

"நான் வேலையை விடுறன் எண்டு ஆர் சொன்னது?"

"ஓலை வாசிச்சாச்சுத்தானே."

அவர் கெட்ட மனிதர் அல்ல. அதுதான் என் கோபத்தைக் கூட்டியது. கெட்டவரென்றால் வாய்விட்டுத் திட்டியிருக்கலாம்.

"தடை இருந்தால் சொல்லச் சொல்லித்தான் சாமியார் கேட்டவர். வேலையை நிப்பாட்டச் சொல்லேல்லை" என்றேன்.

அவர் மனேஜரைக் கைகாட்டினார். என் சம்பளத்தில் வெட்டுங்கள் என்று மனேஜரிடம் கேட்டேன். சம்பளத்தைக் குறைத்துத் தரும்படி அவரிடம் போன முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். அவர், "வீட்டில கேட்டிட்டு வாரும்" என்றார்.

வீட்டில் அம்மா தலையில் கைவைத்தார். "அந்தக் காசு வரும் எண்டுதானே பந்தலுக்கும் கேக்குக்கும் சொல்லிவச்சனான்."

அன்று பின்னேரம் மாப்பிள்ளை வந்திருந்தார். "எனக்குப் பென்சன் இருக்குத்தானே. உமக்கு வேற ஏன்?" என்றார்.

"அது உங்கட பென்சன். இது நான் உழைச்சது. என்ட வேலையை விடுறனோ எண்டு ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை. நீங்களும் கேக்கேல்லை."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். எனக்குள் பயம்தான். அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்காமலே போகலாம் என்றுகூட நினைத்தேன். பிறகு அவர் அம்மாவைப் பார்த்து, "பந்தலைச் சின்னதாப் போடுவம் மாமி" என்றார். அதுவரை அவர்மேல் எனக்கு இருந்தது சம்மதம் மட்டும். பிரியம் அந்த நிமிடத்தில்தான் வந்தது. அம்மா மட்டும் சில நாள் என்னோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை.

மனேஜரிடம் போய், "வீட்டில சொல்லிப்போட்டன்" என்றேன். கேட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சரியென்று தலையை ஆட்டினார்.

கலியாணம் முடிந்து வந்த முதல் உறையில், விட்டுப்போன வெட்டையும் சேர்த்து வெட்டியிருந்தார்கள். அந்தக் கந்தோரில் நான் வாங்கிய உறைகளிலேயே மெலிந்தது அதுதான். அதை நீட்டும்போது தலைமைக் கிளாக்கர் முகத்தைச் சங்கடமாக வைத்துக்கொண்டார்.

"இந்த முறை கையில குறைவாத்தான் வரும் பிள்ளை."

"ஓம் ஐயா" என்றேன். "வேலையில இருக்கிற ஆளுக்கு அப்பிடித்தானே வரும்."