வலது கால்

"நீட்டு. அது இல்ல. சோத்தாங்காலு."

கோவிலுக்குப் பின்புறக் குழாயடியில், கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு பெரிய வியாழனும் பிற்பகலில் விக்டோரியா அக்கா இப்படித்தான் ஆரம்பிப்பார். கைக்கெட்டும் தூரத்தில் துணி சோப்பு, தேங்காய் நார், குதிகால் தேய்க்க ஒரு செங்கல் துண்டு, நகவெட்டி. எதிரே பன்னிரண்டு ஆண்கள், ஊசி போடக் காத்திருப்பவர்களைப் போல வரிசையில். இயேசு கடைசி இரவு உணவின்போது சீடர்களின் பாதங்களைக் கழுவினார் அல்லவா, அதன் நினைவாக மாலைப் பூசையில் ஃபாதர் இவர்களுடைய பாதங்களைக் கழுவுவார். அக்கா கை வைத்த பிறகு ஃபாதருக்குக் கழுவ எதுவும் மிச்சமிருக்காது என்பது வேறு விஷயம்.

சடங்கில் ஃபாதர் வலது காலை மட்டும்தான் கழுவுவார். ஆகவே அக்காவும் வலது காலை மட்டும்தான் தேய்ப்பார். இடது காலையும் ஆசையாக நீட்டுகிறவர்களுக்கு, "அது உன் ஊட்டுப் பிரச்சினை, உள்ள இழு" என்று பதில் கிடைக்கும். ஈஸ்டர் முடிந்து சில நாட்கள் வரை கவரைப்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு கால் வெளுத்தும் ஒரு கால் பழைய நிறத்திலுமாக யாராவது நடந்து போனால், அவர் இந்தக் கோவில் பங்கின் பன்னிரண்டு அப்போஸ்தலரில் ஒருவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

புண் உள்ள காலுக்கு அனுமதி கிடையாது. போன வருடம் சின்னராசு குதிகால் வெடிப்போடு வந்து நின்றார். "ஆறிட்டு அடுத்த வருசம் வா. மோட்சம் எங்கியும் ஓடிப் பூடாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அக்காவுக்குத் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி கேண்டீனில் சூப்பர்வைசர் வேலை. தலைக்குத் தொப்பி போடாமல் ஒருவரும் அவருடைய சாம்பார் அண்டாவை எட்டிப் பார்க்க முடியாது. "ஆடிட்ல மாட்னா கான்ட்ராக்டே பூடும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. பரலோகத்திலும் ஒரு ஆடிட் உண்டு, அங்கேயும் முதலில் நகத்தைத்தான் பார்ப்பார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பங்கின் உதவிக் குழுவுக்கும் அவர்தான் தலைவி. சனிக்கிழமை மதியம் இல்லாதப்பட்டவர்களுக்குக் கோவில் வாசலில் சாப்பாடு போடுவார்கள். ரயில் நிலையத்தில் படுத்திருப்பவர்கள், வேலை போன கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லாரும் வருவார்கள். "கையக் காட்டு. திருப்பு" என்று இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் தட்டு கைக்கு வரும். நடக்க முடியாதவர்களுக்கு அக்காவே தூக்குச் சட்டியில் வீட்டுக்கு எடுத்துப் போவார். போனதும் சோற்றைக் கண்ணில் காட்டமாட்டார். ஜன்னலைத் திறப்பார், விரிப்பை உதறுவார், படுத்திருப்பவரைப் புரட்டி முதுகைத் துடைப்பார், அத்தனைக்கும் சேர்த்துத் திட்டுவார். பசி தாங்காத வீடுகளில் அக்காவின் குரல் தெருமுனையில் கேட்டதுமே ஜன்னல்கள் தாமாகத் திறந்துவிடும்.

இந்தக் கால் தேய்க்கும் வழக்கத்துக்கு ஒரு துண்டுதான் காரணம். முன்பொரு வருடம் லாரி கிளீனர் ஒருவரின் பாதத்தை ஃபாதர் துடைத்தபோது, வெள்ளைத் துண்டு தார் பூசியதுபோல் ஆகிவிட்டது. பாடகர் குழுவை நடத்தும் சுகிர்தா டீச்சர் பூசை முடிந்ததும் அதை இரண்டு விரலால் தூக்கி அக்காவின் முன்னால் பிடித்து, "உங்க ஏழைங்க, உங்க துண்டு. நீங்களே எட்த்துக்கினு போங்க" என்றார். அன்றைக்கு அக்கா சோப்பைக் கையில் எடுத்தவர்தான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஃபாதர் ராபின் வரும்வரை. இளவயசு, கேள்வி கேட்கும் சுபாவம். வந்த வருடம் பன்னிரண்டு பாதங்களையும் கழுவிவிட்டு, துலக்கிய தட்டையே மறுபடி துலக்கியதுபோல் இருந்ததாம் அவருக்கு. விசாரித்ததில் குழாயடி விவகாரம் வெளிவந்தது. இந்த வருடத் தவக்காலத்தில் அக்காவைக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு சீடர்கள் காலை யாராவது முன்னாடியே கழுவி அனுப்புனாங்களாக்கா?"

"அனுப்பியிருந்தா பேதுரு வேணாம்னு சொல்லியிருக்கவே மாட்டாரு ஃபாதர். அழுக்குக் காலுன்னு கூச்சம், அதான் இழுத்துக்கினாரு."

செமினரியில் யாரும் சொல்லித்தராத விளக்கம். ஃபாதர் தன் திட்டத்தைச் சொன்னார். யாரும் முன்கூட்டிக் கழுவக் கூடாது. துண்டு கறுக்கட்டும். அந்தக் கறுத்த துண்டைத் தூக்கிக் காட்டித்தான் அவர் அன்று பேசப்போகிறார். மீறி யார் காலிலாவது அக்கா கை வைத்தால், உதவிக் குழு சுகிர்தா டீச்சர் கைக்குப் போய்விடும், சனிக்கிழமைச் சாப்பாடு உட்பட.

தலைவிப் பட்டம் போவதைப் பற்றி அக்காவுக்குக் கவலை இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. "டீச்சர் எலுமிச்சம் சோறு பொட்லம் கட்டி, போட்டோ எட்த்துக்கினு அனுப்பிடுவாங்க. படுத்துக்கினு கீறவங்க முதுக யாரு தொடப்பாங்க?" என்று ஆட்டோ ஓட்டும் பாக்கியராஜிடம் புலம்பினார். வருடா வருடம் பேதுருவின் நாற்காலியை யாருக்கும் விட்டுக்கொடுக்காத பாக்கியராஜ், தலைமைச் சீடருக்குரிய கனத்தோடு தலையாட்டினார்.

ஃபாதர் சொல்லைத் தட்டாமல், துண்டையும் காப்பாற்ற அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். புதன்கிழமை மாலை பதினோரு பேர் வீட்டுக்கும் போய், ஆளுக்கொரு சோப்புத் துண்டு கொடுத்தார். "உன் கால நீயே கழுவிக்க. நான் தொட்டாதான தப்பு." பன்னிரண்டாம் ஆள் மட்டும் சிக்கவில்லை. கடைசி நாற்காலி யூதாஸுடையது என்று சொல்லி யாரும் அதில் லேசில் உட்காரமாட்டார்கள்; வருடா வருடம் யாரையாவது பிடித்துத்தான் உட்காரவைக்க வேண்டும். இந்த வருடம் அந்த இடத்துக்கு ஃபாதரே ஒருவரைப் பிடித்திருந்தார். ஜார்க்கண்ட்டிலிருந்து வந்து இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக உருட்டும் ஆலையில் வேலை செய்யும் குஜூர். ஞாயிறு தோறும் கடைசி வரிசையில் நின்று, புரியாத தமிழுக்குச் சரியான இடங்களில் ஆமென் சொல்கிறவர். அக்கா அவருடைய அறைக்கு மூன்று முறை போனார். கதவு பூட்டியிருந்தது. "டபுள் ஷிஃப்ட்டு" என்றார்கள் பக்கத்து அறைக்காரர்கள்.

வியாழன் மாலை, நற்செய்தி வாசித்துக்கொண்டிருக்கும்போது குஜூர் ஆலையிலிருந்து நேராக வந்தார். அதே சட்டை, அதே பூட்ஸ். இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து, யூதாஸின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். முதல் வரிசையிலிருந்த அக்கா அந்த நடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பதினோரு கால்கள் சீக்கிரம் முடிந்தன. துண்டு மல்லிகைப் பூவாக இருந்தது. ஃபாதரின் முகம்தான் காலுக்குக் கால் வாடிக்கொண்டு வந்தது. கடைசியில் குஜூர் வலது பூட்ஸைக் கழற்றினார். எண்ணெயும் இரும்புத் தூளும் சேர்ந்து இறுகிய, அசல் கறுப்புப் பாதம். ஃபாதரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. பிரசங்கம் கிடைத்துவிட்டது.

அக்கா எழுந்துவிட்டார். எழுந்தது அவருக்கே தெரிந்ததா என்பது சந்தேகம். பாடகர் குழு பாட்டில் ஒரு அடியை விழுங்கியது. நேராகப் போய், குழாயடியில் உட்காருவதுபோலக் குந்தி உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் முழங்கால் மேல் எடுத்து வைத்துக்கொண்டார்.

"அக்கா, வேணாம்" என்றார் ஃபாதர் தணிந்த குரலில். "சனிக்கிழமையை நெனச்சுப் பாருங்க."

"அத்த அப்பால பேசிக்கலாம் ஃபாதர். தண்ணி ஊத்துங்க."

கோவிலே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஃபாதர் வேறென்ன செய்வார், ஊற்றினார். அக்கா முந்தானையால் தேய்த்தார். விரல் இடுக்குகளில் தேய்த்தார். தாம்பாளத்துத் தண்ணீர் கறுத்தது, புடவை கறுத்தது, பாதம் மெல்ல மெல்ல ஒரு மனிதனின் பாதமாக ஆனது. அதன் பிறகு ஃபாதர் துண்டால் ஒற்றி எடுத்துப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாது. பாடகர் குழுவிலிருந்து சுகிர்தா டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"தேங்க்யூ ஆன்ட்டி" என்று குஜூர் பூட்ஸை எடுத்தார். சடங்கு முடிந்தது. அக்கா எழுந்து தன் இடத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒற்றை விரலால் அவருடைய இடது பூட்ஸைத் தட்டினார்.

"அத்தையும் கழட்டு."

குஜூருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தயங்கித் தயங்கிக் கழற்றினார். காலுறை கணுக்காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சூட்டுக் காயத்தில் ரத்தம் காய்ந்து பிடித்திருந்தது. அக்கா தண்ணீரைக் கையில் அள்ளி அதன்மேல் சொட்டுச் சொட்டாக விட்டு, வாயால் ஊதி ஊதி, உறையை உரித்தார். முந்தானையைப் பார்த்தார். அழுக்கு. அதைக் கீழே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமலேயே, ஃபாதரின் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டுக்காகப் பின்னால் கையை நீட்டினார்.