ஆம்பல் விளக்கு

போர் முடிந்து நாங்கள் உயிலங்குளத்தில் மீள்குடியேறிய இரண்டாவது வருடம், மாசி மாதம். மின்சாரம் இன்னும் வரவில்லை. நீர்த்தாவரத்தின் வேரடிச் சேற்றிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று ஒரு சஞ்சிகையில் வாசித்தேன். அகன்ற பிளாஸ்டிக் பேசின் ஒன்றில் குளத்துச் சேறு நிரப்பி, ஆம்பல் நட்டு, பழைய பற்றரிகளின் கரிக்குச்சிகளைப் புதைத்தேன். மின்னழுத்தத்தைக் கூட்டும் சிறிய சுற்றுப்பலகை ஒன்றை இணைத்ததும் கடுகளவு பல்ப் மினுங்கியது.

பக்கத்து வீட்டு மரியம்மா அக்கா பார்க்க வந்தார். போரின் கடைசி மாதங்களில் மகனைத் தொலைத்தவர்.

“பில் ஆருக்குத் தம்பி வரும், தவளைக்கோ?” என்று சிரித்தார். பிறகு, “எவ்வளவு நாளைக்கு எரியும்?”

“கொடி உயிரோடை இருக்கிறவரைக்கும் எரியும் அக்கா,” என்றேன், பெருமையாக.

“அப்ப எனக்குத் தாங்கோ.”

பேசினைத் தன் வீட்டு விறாந்தையில் வைத்து, மகனின் படத்தைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தார். ஆவணியில் குளம் வற்றியது. பவுசர் வண்டியில் வந்த குடிநீரில் பாதியை அவர் பேசினுக்குள் ஊற்றுவதைக் கண்டபோதுதான், நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு விளங்கியது.

புரட்டாதியில் ஆம்பல் அழுகியது. விளக்கு நின்றது.

“வேறை கொடி கொண்டு வாறன் அக்கா.”

“அது வேறை உயிரெல்லோ தம்பி,” என்று பேசினைக் கழுவித் திருப்பித் தந்தார்.

எதற்கும் திகதி குறித்து வைப்பவன் நான். அந்த விளக்கு நின்ற திகதியை மட்டும் இன்றுவரை எழுதவில்லை.