தங்கச்சியின் வோட்டும் நான் விரட்டிய ஹெலிகொப்டரும்

போன ஞாயிற்றுக்கிழமை ரொறொன்ரோவிலிருந்து தங்கச்சி போன் எடுத்தாள். கனடாப் பிரஜையாகி, முதல்முறையாக வோட் போடப் போகிறாளாம்.

"அண்ணை, ஆமிக்குப் புது ஹெலிகொப்டர் வாங்கவேணும் எண்டு ஒரு கட்சி சொல்லுது. வேண்டாம் எண்டு மற்றக் கட்சி. ஆருக்குப் போட?"

கேட்கவேண்டிய ஆளிடம்தான் கேட்டாள்! லண்டன் பிளேஸ்டோவில் சோபாவில் சாய்ந்தபடியே உலக நாடுகளுக்கெல்லாம் பட்ஜெட் போட்டுக் கொடுப்பவன் அல்லவா நான்?

"ஹெலியோ? அந்தச் சனியனை வாங்கவே கூடாது!"

யாழ்ப்பாணத்தில் அந்தச் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் பாய்ந்தவர்கள் நாங்கள். மேலே நின்று சுடுவதைத் தவிர ஹெலிகொப்டருக்கு வேறு உத்தியோகம் உண்டென்று எனக்குத் தோன்றவே இல்லை.

"கனடாவுக்கு ஆர் எதிரி? ஸ்னோவோ? அந்தக் காசில ஆஸ்பத்திரி கட்டச் சொல்லு!" அரை மணி நேரம் விளாசினேன். தங்கச்சி பக்தியோடு கேட்டாள்.

கேட்டதோடு விட்டாளா? அவள் ஷிப்டுக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு மார்கரெட். அவரிடம் என் பிரசங்கத்தை ஒரு வரி விடாமல் ஒப்புவித்திருக்கிறாள்.

புதன்கிழமை மறுபடி போன். அழுகை.

"அவவின்ர மகன் ஓட்டுறதே ஆமி ஹெலிகொப்டர்தானாம், அண்ணை. கடலில தாழுற மீன்பிடிக்காரரைத் தூக்கிற வேலையாம். அந்த ஹெலிக்கு அவனைவிட வயசு கூடவாம். மனுசி இதைச் சொல்லிக் கதவைச் சாத்திப்போட்டா. நாளைக்குப் பிள்ளையை எங்க விடுவன்?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நம்பர் வாங்கி நானே மார்கரெட்டுக்குப் போன் எடுத்தேன். பங்கர் கதையைச் சொல்லி, தெரிந்த இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "கோபமில்லை. இங்கே எல்லோருமே அப்படித்தான். படைக்குப் போன பிள்ளைகளைப் புகழ்வோம்… காசு என்றதும் ஆஸ்பத்திரி முக்கியம் என்போம். நானும் பல வருடம் அப்படித்தான் வோட் போட்டேன், என் மகன் பறக்கத் தொடங்கும் வரைக்கும். நாளைக்குப் பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்."

உடனே தங்கச்சிக்குச் செய்தி சொன்னேன். அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே பழைய கேள்வியும் வந்தது.

"அப்ப அண்ணை, இப்ப ஆருக்குப் போட?"

ஆஸ்பத்திரியும் வேண்டும். அந்தப் பையன் பத்திரமாக வீடு திரும்பவும் வேண்டும். யோசித்தேன்… இன்னும் யோசித்தேன்.

"ஹலோ… ஹலோ… அண்ணை? லைன் கட்டாகிட்டுதோ?"