கூலருக்குப் பக்கத்து ஸ்லாட்

மகள் பிறந்தபோது விட்ட வேலையை மறுபடி பிடிக்க எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வீடுகளுக்குச் சமையலறை அலமாரி வடிவமைத்துக் கொடுக்கும் அலுவலகம். ஒரு சமையலறையைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அசல் போட்டோ போல் படமாக்கி அனுப்பச் சொன்னார்கள். நல்ல நாளாக இருக்கட்டும், விஜயதசமி காலையில் பார்க்கிறேன் என்றார் அந்த அலுவலகத்து அம்மா. படம் பிடித்தால் வேலை. நான் வரைந்து முடித்துவிட்டேன். அதைப் படமாக்கச் சொன்னால்தான் ஆவடி பக்கம் பருத்திப்பட்டில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பாதியில் படுத்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் மெமரி போதவில்லை என்றது.

அது என் கணவர் கேம் ஆடுவதற்காகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த கம்ப்யூட்டர். புராசஸர் சூடாகக் கூடாது என்று செங்கல் பருமனில் ஒரு கூலரும், அதன் பக்கவாட்டில் ஒரு ஃபேனும் மாட்டியிருந்தார். ஆவடி வெயிலுக்கு இது வேண்டும் என்பார். சேலத்துக்காரர் ஒருவர் ஆவடி வெயிலைக் குறை சொல்வதை நான் பேசாமல் கேட்டுக்கொள்வேன். நண்பர்கள் வந்தால் கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறந்து காட்டுவார். எங்கள் கல்யாண ஆல்பத்தை அவர் யாருக்கும் அப்படிக் காட்டி நான் பார்த்ததில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் குமணன்சாவடியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போய், மெமரியைக் கூட்ட ரேம் கேட்டேன். கடைக்காரர் பாய் என் முகத்தைப் பார்த்தார்.

"கூலரு பெருசா கீதா, அம்மா? அளந்துகினு வந்தீங்களா?"

"இல்லை பாய்."

"இதான் கீது. தலையில தகடு வச்சது, கொஞ்சம் ஒசரம். இடிச்சா எடுத்துகினு வாங்க, மாத்தித் தரேன்."

இரண்டு வாங்கிவந்தேன். அன்று மாலையே மாட்டியிருக்கலாம். கணவருக்கு அலுவலக வீடியோ கால் இருந்தது. நாளைக்கு லீவுதானே என்றார். காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் பைக், மிக்ஸி, கத்தி, ஸ்க்ரூடிரைவர் என்று வீட்டில் இருந்த எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்திருந்தார். கேபினெட்டின் மேல் ஒரு சாமந்தி வேறு.

"பொட்டு வச்சாச்சு. இனிமே நாளைக்குத்தான் தொடணும்" என்றார்.

கோயிலுக்குப் போனால் வெளியே நின்று செருப்பைப் பார்த்துக்கொள்கிற மனிதர் இவர். பக்தி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தன் கூலரின் மேல் யாரும் கை வைப்பது அவருக்குப் பிடிக்காது.

"உங்க லேப்டாப்புக்கும்தான் பொட்டு வச்சீங்க. கால் வந்ததும் எடுத்தீங்கல்ல?"

"அது ஆபீஸ் வேலை."

"இதுவும் ஆபீஸ் வேலைதான்."

"அது இன்னும் கெடைக்கலையே."

சுருக்கென்றது. சாமந்தியை எடுத்துச் சாமி படத்தின் மேல் வைத்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கக் கதவின் திருகுகளைக் கையாலேயே சுழற்றித் திறந்தேன்.

போர்டில் ரேம் செருக நான்கு ஸ்லாட் இருந்தன. இரண்டாவதிலும் நான்காவதிலும் பழைய ரேம்கள் இருந்தன. மூன்றாவதில் புதியது ஒன்று சுலபமாக இறங்கியது. முதலாவது கூலரை ஒட்டி, ஃபேனுக்கு நேர் கீழே இருந்தது. அங்கே புதியதின் தகடு ஃபேனில் இடித்து நின்றது. சாய்த்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், போகவில்லை. பாய்க்கு போன் செய்தேன்.

"பசங்க பூஜை போட்டு ஷட்டர எறக்கிட்டானுங்கம்மா. டூல்ஸெல்லாம் சாமியாண்ட கீது, நானே தொட முடியாது. நாளைக்கு மத்தியானம் வாங்க."

நாளை மத்தியானம் எனக்கு எதற்கும் உதவாது. போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது, அழவில்லை. டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். ஃபேன் திருகில் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் வளைத்த கம்பிகள்தான் அதைப் பிடித்திருந்தன.

"அந்தக் கம்பிய எடுத்தா திரும்ப மாட்டுறது கஷ்டம்" என்றார் கணவர் பின்னாலிருந்து. எடுப்பது கஷ்டம் என்று சொல்லவில்லை; கையாலேயே எடுக்கலாம் என்பது அதிலிருந்து தெரிந்துபோயிற்று.

கம்பியை நெம்பி ஃபேனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கிப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார். ஃபேன் இல்லாதபோது எந்த ரேமும் போகும். திரும்ப மாட்டினால் உயரமானது இடிக்கும். அலமாரி வேலையில் இந்தத் தொல்லை தினமும் வரும். சிங்க்குக்குக் கீழே குழாய் இறங்கும் இடத்தில் உயரமான டப்பா நிற்காது. குட்டையானதை அங்கே வைத்து, உயரமானதை ஓரத்துக்குத் தள்ளுவோம். பழைய ரேம்களுக்குத் தகடு கிடையாது, குட்டை. செருகியிருந்த மூன்றையும் கழற்றி, பழையவற்றை முதலாவதிலும் மூன்றாவதிலும், புதியவற்றை இரண்டாவதிலும் நான்காவதிலும் போட்டேன். ஃபேன் முதலாவதின் மேல் நூலிழை இடைவெளி விட்டு உட்கார்ந்தது. கம்பியை மாட்டுவது நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. அதை அவர்தான் மாட்டினார்.

சுவிட்சைப் போட்டோம். திரை கறுப்பாகவே இருந்தது. புது ரேமை அடையாளம் கண்டுகொள்ளக் கம்ப்யூட்டருக்கு முதல் தடவை நேரமாகும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், "போச்சு" என்றார். அந்த மனிதரை அந்த நேரத்தில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பிறகு திரையில் வெளிச்சம் வந்தது.

படம் உருவாகப் பகல் முழுக்க ஆனது. மகள் பொரியைக் கீழே இறைத்துக்கொண்டு விளையாடினாள். கணவர் ஒவ்வொரு தடவை அந்தப் பக்கம் போகும்போதும் குனிந்து கூலர் சூட்டைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, தாங்குது" என்றார். கூலரைப் பாராட்டுகிறாரா என்னைத் தேற்றுகிறாரா என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் அனுப்பினேன்.

விஜயதசமி அன்று மத்தியானத்துக்கு முன்பே பதில் வந்தது. திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். சேலத்துக்கு போன் போட்டு, பெரிய கூலரை வைத்துக்கொண்டு நான்கு ரேமையும் எப்படி உள்ளே போட்டோம் என்று தன் அண்ணனுக்கு விளக்கினார். "போட்டோம்" என்றுதான் சொன்னார். பேசி முடித்ததும் திரும்பினார்.

"ஆமா, பாப்பாவ ஸ்கூல்லருந்து யாரு கூட்டிட்டு வர்றது?"

கேட்டதில் துளி விஷமமும் இல்லை. நிஜமாகவே யோசித்துத்தான் கேட்டார்.

"நீங்க வீட்லதானே இருக்கீங்க" என்றேன்.

அவருக்கு வேலை வீட்டிலிருந்தே நடந்தது, அதனால் நான் சொன்னது வெறும் உண்மை. ஆனால் பால் வாங்குவதில் தொடங்கி கேஸ் சிலிண்டருக்குக் காத்திருப்பதுவரை, மகள் பிறந்ததிலிருந்து அவர் என்னிடம் சொல்லிவந்த வாக்கியமும் அதுதான். கோபப்படாமல் சொன்னேன் என்று எழுத ஆசை. கோபத்தோடுதான் சொன்னேன்.

அவர் போனை எடுத்து மூன்று மணிக்கு அலாரம் வைத்து என்னிடம் நீட்டினார். திங்கட்கிழமைக்கு மட்டும் வைத்திருந்தார். நான் வாங்கி, செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.