முனை மாமாவின் உத்தியோகம்

ஓய்வு பெற்ற ஆண்கள் செடி வளர்ப்பார்கள், பேப்பரை விளம்பரம் விடாமல் படிப்பார்கள், அல்லது மனைவிக்குச் சமையல் சொல்லிக்கொடுக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். ஆயுசெல்லாம் பஸ் ஓட்டிய நம்மவர் ஒரு தெருமுனையைத் தத்தெடுத்துக்கொண்டார். அதனால் தெரு அவருக்கு முனை மாமா என்று பெயர் வைத்தது. சம்பளம் கிடையாது. வசவு மட்டும் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது.

எல்லாம் மகளுக்காக. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. தினம் காலையில் ஸ்கூட்டரில் கிளம்பி, அந்த முனையில்தான் பெரிய சாலைக்கு ஏற வேண்டும். முனையில் பீரோ கடை. கடைக்குள் இடம் தாராளமாக இருந்தாலும் பீரோக்கள் காற்று வாங்கிக்கொண்டு வாசலில்தான் நிற்கும். சாலையில் என்ன வருகிறது என்று தெரிய வேண்டுமானால், ஸ்கூட்டரின் முன்சக்கரத்தைச் சாலைக்குள் நீட்டிப் பார்க்க வேண்டும். வண்டி வருகிறதா என்பதைச் சக்கரம்தான் கண்டுபிடித்துச் சொல்லும். ஒரு நாள் சொல்லியே விட்டது: ஒரு வேன் அதை உரசிக்கொண்டு போனது. மகள் வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். மாமாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பீரோக்காரரிடம் போனார்.

“தம்பி, இதுகளக் கொஞ்சம் உள்ள தள்ளு. வர்றது போறது தெரியல.”

“உள்ள தள்ளினா பீரோ தெரியாது மாமா. பீரோ தெரியலன்னா என் வீட்டுல அடுப்பு எரியாது.”

“என் பொண்ணு அடிபட்டா?”

“அய்யோ, வாயக் கழுவுங்க மாமா! அது எனக்குத் தங்கச்சி மாதிரி.”

தங்கச்சிமேல் இருந்த பாசம் பீரோவை ஒரு சாண்கூட நகர்த்தவில்லை. மாமா சளைக்கவில்லை. தினமும் கடை வாசலில் உட்கார்ந்து, பீரோ வாங்க வருகிறவர்களிடம் தான் கண்ணால் பார்த்த விபத்துகளைக் கை கால் விவரங்களோடு எடுத்துச் சொன்னார். கல்யாணத்துக்குச் சீர் வாங்க வந்தவர்கள் முகம் வெளிறித் திரும்பினார்கள். பீரோக்கள் உள்ளே போயின.

முனை பளிச்சென்று ஆனது. மாமா இடுப்பில் கைவைத்து நின்று சாலையின் கடைசிவரை பார்த்தார். அந்த ஆனந்தம் மறுநாள்வரை நீடித்தது. மறுநாள் ஒருவர் அங்கே காரை நிறுத்தினார். கொட்டாவி தொற்றுவதுபோல மற்றவர்களுக்கும் தொற்றியது. இவ்வளவு நல்ல காலி இடத்தை இத்தனை நாள் பீரோவுக்குக் கொடுத்திருந்தோமே என்று தெருவே வருத்தப்பட்டது.

மாமா நகராட்சிக்கு நடந்தார். அதிகாரி நேரில் வந்து பார்த்தார், மனம் உருகினார். விளைவாக, இரண்டு இரும்புக் கம்பங்களில் ஒரு மாபெரும் பலகை எழுந்தது: ‘பார்வையை மறைக்காதீர்.’ வயசானவர்களுக்கும் படிக்க வசதியாக எழுத்தைப் பெரிதாக்கியதில், பலகை பீரோவைவிட அகலமாகிவிட்டது. அதன் நிழல் நன்றாக இருந்ததால் கார்கள் அதன் அடியிலேயே ஒதுங்கின.

“இதுக்கு என் பீரோவே தேவலாம் இல்ல மாமா?” என்று கேட்டுவிட்டு, பீரோக்காரர் தன் சரக்கை மறுபடி காற்று வாங்க அனுப்பினார்.

வேறு வழியில்லாமல் மாமாவே போய் நின்றார். பலகையைத் தாண்டி, சாலையின் விளிம்பில். அவர் கை காட்டினால் லாரியே நிற்கும். பஸ் ஓட்டிய கையல்லவா! மகள் ஸ்கூட்டரை நிறுத்தாமலே, “வர்றேம்பா!” என்று பறந்தாள். பிறகு தெருவே அப்படிப் பறக்கத் தொடங்கியது. காதில் போனை இடுக்கிக்கொண்டு, பின்னால் உட்கார்ந்த பிள்ளையைத் திட்டிக்கொண்டு, ஒருவரும் கழுத்தைத் திருப்பாமல் சாலைக்கு ஏறினார்கள்.

“அப்ப ஒரு பஸ்ஸப் பாத்தீங்க. இப்ப ஊரையே பாக்குறீங்க. ஒழுகுற குழாய யாரு பாக்குறது?” என்றாள் மனைவி.

“ஊரு என்னைய நம்புதுடீ,” என்றார் மாமா, மீசையைத் தடவி.

இந்த மாபெரும் பதவிக்குக் குறுக்கே ஒரு கடைவாய்ப்பல் வந்தது. பல் டாக்டர் காலையில்தான் வரச் சொன்னார்.

“நாளைக்கு நான் இருக்க மாட்டேம்மா. நின்னு, ரெண்டு பக்கமும் பாத்துப் போ.”

“நான் என்ன சின்னக் குழந்தையாப்பா? சரி, சரி.”

மறுநாள், வாயில் பஞ்சோடு நாற்காலியில் மல்லாந்து கிடந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

ஆஸ்பத்திரியில் மகளின் வலது கால் தொடைவரை கட்டுக்குள் இருந்தது. பழையபடி நடப்பாளா என்று கேட்டதற்கு டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

“நிக்கணும்னு தோணவே இல்லப்பா,” என்றாள் மகள். “வழக்கம்போல வந்துட்டேன். நீங்க நிக்கிறீங்கன்னே உடம்பு நெனச்சிடுச்சு.”

மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மரத்துப்போன பக்கமாக எச்சில் வழிந்ததுதான் மிச்சம்.

தெரு திரண்டு பார்க்க வந்தது. பீரோக்காரர் நிஜமாகவே அழுதார்.

“லீவு போடறதா இருந்தா எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா மாமா?”

கார்க்காரர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பீரோ, கார், பலகை எல்லாம் சேர்ந்து அவள் கண்ணை மறைத்தன, உண்மைதான். ஆனால் பார்க்கும் பழக்கத்தையே மறக்கடித்தது தன் கைதான் என்று மாமாவுக்குத் தெரிந்துவிட்டது.

கட்டுப் பிரித்து, மாதங்கள் போய், ஊன்றுகோலுடன் அவள் மறுபடி வேலைக்குக் கிளம்பினாள். சாலைக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தம். முனைவரை அப்பாவோடு விந்தி விந்தி வந்தவள் பலகைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள். கண் தரையில்.

“சொல்லுங்கப்பா.”

“நீயே பாரும்மா. கொஞ்சம் முன்னாடி வந்து எட்டிப் பாரு.”

“மாட்டேன். நீங்க சொல்லுங்க.”

பார்த்துச் சொல்ல வேண்டுமானால் அவர் விளிம்புக்குப் போக வேண்டும். ஓர் அடி எடுத்துவைத்தார். அவள் அவருடைய சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். போனால் இவளை விட வேண்டும். போகாவிட்டால் ஒன்றும் தெரியாது. மாமா பலகையின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. கண்ணாடியை இறக்கித் தலை ஒன்று எட்டிப் பார்த்தது.

“மாமா, சும்மா நிக்கிறீங்களே! கை காட்டுங்க, நேரமாச்சு!”