எந்தக் கோனா

மே மாதம் வந்தால் என் வீட்டில் ஒரே பேச்சுதான்: எங்கே போகிறோம். பக்கத்து வீட்டில் ஏற்காடு போகிறார்கள், எதிர்வீட்டில் மகாபலிபுரம் போகிறார்கள், நாம் எங்கே. நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவனுக்குக் கரண்ட் போனால்தான் லீவு. அந்த நேரத்தில் எங்கேயும் போக முடியாது, கொட்டகை வாசலில் உட்கார்ந்து கரண்ட் வருவதற்குக் காத்திருக்க வேண்டும். மாம்பழ சீசனில் சித்தூர் பக்கம் ஜூஸ் பாக்டரிக்கு ஆள் கூப்பிட்டால் தறியை விட்டுவிட்டு அங்கே ஓடுவேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து இப்படித்தான். லாரியில் கிளீனராகப் போயிருக்கிறேன், தடாவில் மூட்டை தூக்கியிருக்கிறேன், திருப்பதி ஓட்டலில் எச்சில் இலை எடுத்திருக்கிறேன். ஒரு வேலையில் நிலையாக உட்காரும் புத்தி வரவில்லை.

"நீ மட்டும் ஊர் ஊரா சுத்தினு வர்றே, எங்கள இட்டுக்கினு போவ மாட்டியா?" என்பாள் என் மனைவி. நான் பார்த்த ஊர்களெல்லாம் லோடு இறக்கும் இடமும் டீக்கடையும்தான் என்று சொன்னால் நம்பமாட்டாள்.

இரண்டு கோடைக்கு முன்னால் அப்படித் தட்டிக்கழிக்க முடியாமல் போனது. எனக்குப் பக்கத்துத் தறியில் வேலை பார்த்த ஒரு நண்பன் இருந்தான். சித்தூர்ப் பக்கம் புத்தலப்பட்டுக்காரன். பிழைக்க நகரிக்கு வந்தவன். எங்கள் லைன் வீட்டிலேயே ஒரு சுவர் தள்ளிக் குடியிருந்தான். அவன் மகளும் என் மகளும் ஒரே வயது. இரண்டும் ஒரே தட்டில் தின்று, ஒரே பாயில் புரண்டு, மூன்றாம் வகுப்பு வரைக்கும் ஒன்றாகவே போய் வந்தன. பிறகு அவன் திருப்பதியில் ஒரு லாட்ஜில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போனான். அப்போதே என் மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் கோடையில் அவன் மச்சான் பம்பாய்ப் பக்கம் பிவண்டியிலிருந்து கூப்பிட்டிருந்தான். அங்கே தறி அதிகம், கூலியும் பரவாயில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேணிகுண்டாவில் பம்பாய் வண்டி ஏறப்போகிறார்கள். போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை.

என் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டு அவளிடம் பேசினாள். போவதற்கு முன்னால் ஒரு நாள் தண்ணீரில் ஆட வேண்டும், இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும், ஒருத்தி வராமல் இன்னொருத்தி காலை நனைக்கக்கூடாது என்று பேசி முடித்தார்கள். மீதியை நானும் அவனும் பேசினோம்.

"ஞாயித்துக்கெழம காத்தாலே கோனாவுக்கு வந்துடுப்பா," என்றான். "மத்தியானத்துக்குள்ள திரும்பிட்டா வண்டி புடிச்சிடலாம். நான் கோழிக் கொயம்பு எடுத்தாந்துடறேன். நீ களி கொண்டா."

"எங்க நிப்பே?"

"கோயிலாண்ட நிக்கறேன். வேறெங்க நிப்பாங்க?"

அவ்வளவுதான் பேச்சு. மலை இடுக்கில் அருவி விழுகிற பள்ளத்தைத் தெலுங்கில் கோனா என்பார்கள். எங்கள் நகரியில் யாராவது கோனா என்றால் நாராயணவனம் தாண்டி இருக்கிற கைலாசகோனாதான். முன்னால் ஒரு பெயர் வைத்துச் சொல்ல வேண்டிய அவசியம் எங்களுக்கு இருந்ததே இல்லை.

தெருவில் ஆட்டோ ஓட்டுகிற தம்பி ஒருவன் தன் இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு வந்தான். என் மனைவி விடியும் முன்னே எழுந்து கேழ்வரகுக் களி கிண்டி, உருண்டை பிடித்து, ஈரத்துணி சுற்றித் தூக்கில் வைத்தாள். புத்தூரில் ரயில்வே கேட் போட்டுவிட்டான். ஒரு கூட்ஸ் போனது, பிறகும் திறக்கவில்லை, இன்னொரு கூட்ஸ் போனது. வெயில் அப்போதே முதுகில் ஏறிவிட்டது. என் மகள் மட்டும் எதற்கும் சலித்துக்கொள்ளவில்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு முன்னால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோனாவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வேன் வேனாக வந்திருந்தார்கள். ஆட்டோத் தம்பியின் பையன்கள் சட்டையைக் கழற்றியெறிந்துவிட்டு அருவிக்கு ஓடினார்கள். என் மகள் கோயில் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தாள்.

"நீயும் போய் ஆடேண்டி," என்றாள் என் மனைவி.

"அவ வரட்டும்."

"வர்ற வரைக்கும் கால வெச்சினு இரு."

"கால்கூட வெக்கக்கூடாதும்மா. அப்டித்தான் பேசிக்கினோம்."

உட்கார்ந்திருந்தோம். ஒரு குரங்கு வந்து ஆட்டோத் தம்பி வாங்கி வைத்திருந்த வாழைப்பழத்தைச் சீப்போடு தூக்கிக்கொண்டு போனது. போன் போட்டேன், கிடைக்கவில்லை. மறுபடி போட்டேன், தெலுங்கில் ஒரு பெண் ஏதோ சொல்லி வைத்தாள். வெயில் உச்சிக்கு வந்தது. பையன்கள் குளித்து, நடுங்கி, காய்ந்து, மறுபடி குளித்துவிட்டு வந்து பசிக்கிறது என்றார்கள். குழம்பு வரட்டும் என்று அடக்கினேன்.

கடைசியில் அவனே கூப்பிட்டான். குரல் துண்டு துண்டாக வந்தது.

"எங்கப்பா கீறீங்க? நாங்க வந்து எவ்ளோ நேரமாச்சி!"

"நாங்களும் வந்துதான் ஒக்காந்துகினு கீறோம். நீ எங்க கீறே?"

"கோயிலாண்ட."

"நானும் கோயிலாண்டதாம்பா நிக்கறேன்!"

"சிவன் கோயில்தானே?"

"சிவன் கோயில்தான்."

"கொரங்கு கீதா?"

"எங்க பழத்தையே தூக்கினு பூடுச்சி."

"அப்ப இங்கதான் எங்கனா இருப்பே. கூட்டத்துல தெரியல. இரு, கையத் தூக்கறேன் பாரு. தெரியுதா?"

நான் பாறைமேல் ஏறிப் பார்த்தேன். தூரத்தில் ஒருவன் கையைத் தூக்கி நின்றான். நானும் கையைத் தூக்கிக் கத்திக்கொண்டே அவனிடம் ஓடினேன். கிட்டப் போய்ப் பார்த்தால் யாரோ ஒருவன் ஈரச்சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"எரும மாதிரி நிக்காத, இப்டி முன்னால வா," என்று போனில் அவன் கத்தினான். "கோலி சோடா விக்கறவன் பக்கத்துல. இல்லன்னா ஒன்னு பண்ணு. பாரஸ்ட் கேட்டாண்ட வந்துடு. உள்ள வரசொல்ல வண்டிக்குச் சீட்டு வாங்கினியே, அந்த கேட்டு."

"இன்னா பாரஸ்ட் கேட்டு?"

"பாகராப்பேட்டை தாண்டி வரசொல்ல..."

பாகராப்பேட்டை என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. அது திருப்பதிக்கு அந்தப்புறம். அவன் நின்றது தலகோனாவில். புத்தலப்பட்டிலும் திருப்பதியிலும் கோனா என்றால் தலகோனாதான். அங்கேயும் காடு, சிவன் கோயில், அருவி, குரங்கு எல்லாம் உண்டு. நடுவில் ஒரு திருப்பதியும் அதன் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் கிடந்தன.

என் மனைவியிடம் சொன்னேன்.

"ஒரு கோடைக்கு சோடா லாரில தலகோனா போய்க்கினு இருந்தேன்னு நீதானே சொல்லினு திரிஞ்சே?"

"ஆமா."

"ரெண்டு கோனா கீதுன்னு ஒனக்கே தெரியும். தெரிஞ்சவன் கேக்க வாணாம்? ஊரு சுத்தினது இதுக்குக்கூட ஒதவல."

லாரியில் போன நாட்களில் அதைத் தலகோனா என்றுதான் சொல்வோம். சும்மா கோனா என்று நகரிக்காரன் காதில் விழுந்தால் அவனுக்கு ஒன்றுதான் தெரியும். இதை அவளிடம் சொல்லிப் புரியவைக்கவும் முடியவில்லை, எனக்கே அது ஒரு காரணமாகவும் படவில்லை.

மகள் பாறையிலிருந்து இறங்கி வந்தாள். "அவ வரமாட்டாளா நைனா?"

"நாமதான் போறோம். ரேணிகுண்டாவுல பாத்துடலாம்."

"அங்க தண்ணி கீதா?"

ஸ்டேஷன் குழாயில் இருக்கும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. நீ ஒரு தடவை இறங்கிவிட்டு வா, சீக்கிரம், என்றேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுத் துண்டை மடித்துப் பையில் வைத்தாள். வெறும் களியைப் பையன்கள் ஆளுக்கொரு வாய் பிட்டுத் தின்றுவிட்டு, தொண்டையில் இறங்கவில்லை என்று மீதியை வைத்துவிட்டார்கள். ஆட்டோ கிளம்பியது.

புத்தூர் வரைக்கும் நன்றாக வந்தது. வடமாலப்பேட்டைக்கு முன்னால் மாங்காய் லாரிகள் ரோட்டோரம் வரிசையாக நின்றன. ஒன்று திரும்பும்போது பாதி ரோட்டை அடைத்துக்கொண்டது. அந்த நெரிசலில் ஏறி இறங்கி ஊர்ந்ததில் ஆட்டோவின் கிளட்ச் கேபிள் அறுந்தது.

"அஞ்சி நிமிஷம்ண்ணா," என்றான் தம்பி. கேபிளைக் கழற்றினான், கம்பியைத் திருகினான், கட்டினான், அது மறுபடி அறுந்தது. "இதோ முடிஞ்சிச்சிண்ணா," என்றான். முடியவில்லை.

"புது கேபுளு வாங்கிப் போட வேண்டிதுதானே?" என்றாள் என் மனைவி.

"போன வாரமே போட்லாம்னு இருந்தங்க்கா."

"இருந்தியே, அது போதும்."

நின்ற பஸ்களில் ஏற இடமில்லை. திருமலைக்குப் போகிறவர்கள் மொட்டையடிக்கப் போகிற பிள்ளைகளோடு படியில் தொங்கினார்கள். கடைசியில் காலி தக்காளிப் பெட்டி ஏற்றிய வேன்காரன் ஒருவனிடம் தெலுங்கில் கெஞ்சி, ஆட்டோவையும் தம்பியையும் பையன்களையும் அங்கேயே விட்டுவிட்டு, நாங்கள் மூன்று பேரும் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு போனோம். என் மகள் போனைக் கையில் பிடித்து நேரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அழுதிருந்தால் அதட்டியிருப்பேன், அதட்டினால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் அழவில்லை.

ரேணிகுண்டா பிளாட்பாரத்தில் மூட்டைகளுக்கு நடுவில் அவர்கள் நின்றிருந்தார்கள். வண்டி இன்னும் வரவில்லை. அவன் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தான்.

"கோனான்னா தலகோனாதானப்பா! ஒலகத்துக்கே தெரியுமே."

"ஒங்க புத்தலப்பட்டு ஒலகத்துக்குத் தெரியும்."

"ஒங்க நகரி கோனா ஒரு கோனாவா? பைப்பு ஒடஞ்சா மாரி ஊத்துது."

"நகரில இத்தினி வருஷம் சோறு துன்னியே, அங்க கோனான்னா எதுன்னு தெரியாது?"

"நான் திருப்பதியிலேந்துதானே பேசினேன்? திருப்பதிலேந்து பேசினா திருப்பதி கோனா!"

எங்கள் மனைவிமார் இருவரும் எங்களை நிறுத்தப் பார்த்து, பிறகு அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவன் மனைவி என்னைப் பார்த்து, "அண்ணா, ஒரு வார்த்த எந்தக் கோனான்னு கேட்டிருக்கலாம் இல்ல?" என்றாள். "ஒங்க வூட்டுக்காரரு சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாள் என் மனைவி. கிடைத்த கொஞ்ச நேரத்தையும் நாங்கள் நான்கு பேரும் இப்படியே தீர்த்தோம்.

இரண்டு சிறுமிகளும் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள். அவன் மகளின் தலை இன்னும் ஈரமாக, வாரி இறுக்கிப் பின்னியிருந்தது. அவள்தான் தலையைக் குனிந்துகொண்டு ஆரம்பித்தாள்.

"நான் எறங்கிட்டேன். அம்மா நேரமாச்சின்னு எறக்கி வுட்டாங்க."

என் மகள் கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கோவமா?"

"நானுந்தான் எறங்கினேன்," என்றாள் என் மகள்.

"நெஜமா?"

"ம். ரொம்ப நேரம் ஆடினேன்."

"தல காஞ்சி கீது?"

"வேன்ல காத்துல காஞ்சிடுச்சி."

அந்தப் பெண்ணின் முகம் தெளிந்துவிட்டது. எவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிறது, பாறை எப்படி வழுக்குகிறது, தண்ணீர் எவ்வளவு சில்லென்று இருந்தது என்று தமிழும் தெலுங்குமாகக் கொட்ட ஆரம்பித்தாள். என் மகள் எல்லாவற்றுக்கும் எங்க கோனாவும் அப்படித்தான், எங்க கோனாவும் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வாய்ச்சண்டையை விட்டுவிட்டு நான் இதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

வண்டி வந்தது. ஜெனரல் பெட்டியில் ஏற்கெனவே ஆள் நெருக்கம். மூட்டைகளை ஜன்னல் வழியாகத் தள்ளினோம். அவன் மகளை யாரோ தூக்கி உள்ளே வாங்கிக்கொண்டார்கள். அவள் எந்த ஜன்னலில் வருவாள் என்று என் மகள் பெட்டியோரமாக நடந்து தேடினாள். வண்டி நகர்ந்தபோது ஒரு சின்னக் கை வெளியே ஆடியது. அது அவளுடையதுதானா என்று தெரியவில்லை, ஆனாலும் என் மகள் கையாட்டினாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். என் மனைவி தூக்கை என் கையில் திணித்துவிட்டு அந்தப்பக்கம் திரும்பி நின்றாள். மகள் என் சட்டையை இழுத்தாள்.

"நைனா, பிவண்டி எத்தினி கீது?"

"ஒன்னுதான்."

"நல்லாத் தெரியுமா?"

தெரியும் என்றேன். நான் பம்பாய்ப் பக்கம் போனதே இல்லை.