போடிமெட்டுக்கு மேலே ஒரு ஹாக்கி ஆட்டக்காரி

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயிலில் போகிறவர் அவசரமில்லாதவராக இருக்க வேண்டும். தொண்ணூறு கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் அந்த மீட்டர் கேஜ் வண்டி உசிலம்பட்டியில் தண்ணீர் பிடித்து, ஆண்டிபட்டிக் கணவாயில் மூச்சு வாங்கி, தேனியைத் தாண்டி வந்து சேர்வதற்குள் கட்டிக்கொண்டு போன தயிர்ச்சோறு காலியாகி மறுபடி பசி எடுத்துவிடும். எனக்கு அவசரம் இருந்தது. ஆனாலும் 1978 ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்த வண்டியில்தான் ஏறினேன். பேருந்தின் மேல்தட்டில் ஹாக்கி மட்டைகளைக் கட்டி ஏற்ற நடத்துநர் சம்மதிக்கவில்லை.

நான் அப்போது மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் விளையாட்டு ஆசிரியை. எங்கள் ஹாக்கி அணி மூன்று ஆண்டுகளாக இறுதிப் போட்டி வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. அந்தக் கோடையில் பாதி அணி பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டது. வழக்கமாக, பள்ளியில் பதினோராம் வகுப்பு முடித்து, பி.யூ.சி. என்கிற புகுமுக வகுப்பில் சேரும் பெண்களிலிருந்து புது ஆட்டக்காரிகளைப் பொறுக்கி எடுப்பேன். அந்த ஆண்டு அதற்கும் முடிவு வந்தது. இனிமேல் பிளஸ் டூ, பி.யூ.சி. இந்த வருஷத்தோடு சரி. பழைய முறையில் பள்ளியை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் இந்த ஜூனில் சேர்ந்தால் உண்டு. விட்டால் தங்கை வயதுப் பிள்ளைகளோடு மறுபடி பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார வேண்டும்.

அப்படி வீட்டில் இருக்கும் ஒருத்தியைத் தேடித்தான் போனேன். பெயர் ஈஸ்வரி. இரண்டு வருஷத்துக்கு முன் தேனியில் நடந்த பள்ளிகள் போட்டியில் போடி அணிக்குப் பின்காவல், அதாவது கோலுக்கு முன்னால் நிற்கும் ஃபுல்பேக், ஆடினாள். எதிரணி அடித்த பந்துகள் அவள் மட்டையில் வந்து ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அதன்பின் அவளைப் பற்றித் தகவல் இல்லை. போடிக்குப் பக்கத்தில் சிலமலைக் கிராமத்துக்காரி, பதினொன்றை முடித்ததோடு படிப்பை நிறுத்திவிட்டு மலைக்குப் போய்விட்டாள் என்று மட்டும் போடிப் பள்ளியிலிருந்து பதில் வந்தது.

மதியம் போடி ஸ்டேஷனில் இறங்கினேன். மேற்கே மலை சுவர் மாதிரி நின்றது. அதன் தலை முழுக்க மேகம். ஊரிலோ வெயில், அதோடு புழுதியை அள்ளிக் கண்ணில் போடுகிற காற்று. என் பழைய மாணவி ஒருத்தியின் தாய் எஸ்தர் அக்கா வீட்டில் தங்கினேன். அவர் கணவருக்குக் கடைத்தெருவில் ஏலக்காய் வியாபாரம். அந்த வீட்டில் தலையணை முதல் குடிதண்ணீர் வரை எல்லாவற்றிலும் ஏலக்காய் வாசம். சிலமலையில் ஈஸ்வரி குடும்பத்துக்கு இரண்டு காணி நிலம் இருப்பதையும், அப்பா முத்தையா மலைமேல் கேரளத்துப் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்து எல்லோருமாக மேலே இருப்பதையும் எஸ்தர் அக்கா அரைமணி நேரத்தில் விசாரித்துச் சொல்லிவிட்டார். மறுநாள் காலைக்கு ஜீப்பும் பேசினார்.

சனிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டோம். ஆளுக்கு மூன்று ரூபாய். எட்டுப் பேர் உட்கார வேண்டிய ஜீப்பில் களையெடுக்கப் போகும் பெண்கள் பதினைந்து பேர் இருந்தார்கள். என் மட்டைகளைப் பார்த்துவிட்டு, பாம்பு அடிக்கவா என்று ஒருத்தி கேட்டாள். ஜீப்பை ஓட்டியவர் பாண்டி, இருபத்தைந்து வயது இருக்கும். மலையடிவாரத்து முந்தல் கிராமத்தைத் தாண்டியதும் சாலை மலையில் ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் போடி ஊர் சின்னதாகிக்கொண்டே போனது. பாதி மலையில் வெயில் நின்று மேகம் ஜீப்புக்குள் வந்தது.

யாரைப் பார்க்கப் போகிறேன் என்று பாண்டி கேட்டார். சொன்னேன். அவர் கியரை மாற்றி இரண்டு வளைவு ஏறினார்.

"முத்தையா எனக்கு மாமா, டீச்சர். ஈஸ்வரியை எனக்குத்தான் பேசியிருக்கு. தையில கலியாணம்" என்றார் பிறகு.

பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். நான் வந்த காரியத்தை மறைக்காமல் சொன்னேன். கல்லூரி, விடுதி, ஹாக்கி, மொத்தம் நாலு வருஷம். அவர் சாலையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டார். தேனி ஆட்டத்துக்கு அவரும் வந்திருந்தாராம். கடைசி நிமிஷத்தில் அவள் பந்தை நிறுத்தியபோது பக்கத்தில் நின்றவனிடம், அது எங்க வீட்டுப் பொண்ணு என்று சொன்னாராம். அதைச் சொல்லும்போது மட்டும் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

போடிமெட்டில் செக்போஸ்டுக்குப் பக்கத்தில் டீ குடித்தோம். தமிழ்நாடு முடிந்து கேரளம் அங்கே தொடங்குகிறது. டீக்கடைக்காரர் தமிழில் கேட்டு மலையாளத்தில் சில்லறை எண்ணினார். அங்கிருந்து மூன்று மைல் போய், சாலையை விட்டு ஒத்தையடிப் பாதையில் இறங்கினோம். அட்டை ஏறாமல் இருக்கக் காலில் புகையிலைத் தண்ணீர் தடவச் சொன்னார் பாண்டி. தடவியும் இரண்டு ஏறின.

பெரிய மரங்களின் நிழலில் ஆள் உயரத்துக்கு ஏலச்செடிகள். அவற்றுக்கு நடுவே ஓடு வேய்ந்த காய் உலர்த்தும் கொட்டகை. அதன் முன்னால் கொஞ்சம் இடம் வெட்டிச் சமன்படுத்தியிருந்தார்கள். சமன் என்று பெயர்தான். அந்தப் பக்கம் தேங்காயை வைத்தால் இந்தப் பக்கம் ஓடி வந்துவிடும். அங்கே ஈஸ்வரி நின்றிருந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகி, கையில் காப்பிக் கிளையில் செதுக்கிய வளைந்த மட்டை. மேட்டிலிருந்து களையெடுக்கும் பெண்கள் இரண்டு பேர் பந்தை உருட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. எதுவும் அவளைத் தாண்டவில்லை.

என்னை அடையாளம் கண்டதும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, வெட்கத்தோடு கையைத் துடைத்துக்கொண்டாள். எப்படி இவ்வளவு சுத்தமாக நிறுத்துகிறாய் என்று கேட்டேன்.

"விட்டா ஓடைக்குப் போயிரும் டீச்சர். எறங்கி எடுத்துட்டு வர அரை நாளாகும். மொத்தமே ரெண்டு பந்துதான் இருக்கு."

நான் கொண்டுபோன மட்டையைக் கொடுத்து, மேட்டில் ஏறி நானே அடித்தேன். பல்கலைக்கழக அணிக்கு ஆடியவள் நான். என் அடி மோசமில்லை. வேகமாக அடித்தேன், கோணலாக அடித்தேன், கல்லில் பட்டு எகிறும்படி அடித்தேன். ஒவ்வொன்றும் அவள் மட்டையில் வந்து அடங்கியது. அணி இல்லாத, தரை சரியில்லாத ஓர் இடத்தில், யாரும் கேட்காமலே ஒரு பெண் இரண்டு வருஷம் ஆடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் தந்தை முத்தையா மரியாதையாகக் கட்டில் போட்டு உட்கார வைத்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். படிக்கட்டும் என்பதில் அவருக்குத் தடையில்லை.

"ஆனா வாக்குக் குடுத்தாச்சுங்க டீச்சரம்மா. எங்க அக்கா மகனுக்குன்னு பேசி முடிச்சாச்சு. இப்ப மாத்திப் பேசினா அந்த வீட்டு வாசப்படிய நான் எப்பிடி மிதிக்கிறது?"

ஈஸ்வரியின் அம்மா காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். கணவரைப் பார்த்து, மகள் இந்தச் சரிவில் மட்டையும் கையுமாக அலைந்தபோது திட்டத்தான் செய்தோம், இவர் அதைப் பார்க்கவே மதுரையிலிருந்து வந்திருக்கிறார், அதை யோசிங்க என்றார். கதவோரம் நின்ற பாண்டி வெளியே போனார். ஜீப்பை நோக்கிப் பாதையில் ஏறுகிறார் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து மாமனுக்கு எதிரில் நின்றார்.

"மாமா, வாக்கு எங்க ஆத்தாவுக்குக் குடுத்தது. ஆனா கட்டிக்கப் போறவன் நான். நான் சொல்றேன், அவ போகட்டும். படிச்சு முடிச்சு வரையில ரெண்டு பேருக்கும் மனசு இருந்தாப் பாப்போம். இல்லைன்னா இல்லை. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

ஈஸ்வரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. முத்தையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சரி, திங்கள்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்.

அன்று மாலையே நான் போடிக்கு இறங்கிவிட்டேன். திங்கள் காலை தகப்பனும் மகளும் டிரங்குப் பெட்டியோடு எஸ்தர் அக்கா கணவரின் கடைக்கு வந்தார்கள். ரயிலுக்கு நேரமிருந்தது. சேர்க்கைக்கு ஆள் கிடைத்துவிட்டாள் என்று சொல்லக் கடை ஃபோனிலிருந்தே கல்லூரிக்கு டிரங்கால் போட்டேன். முதல்வர் எடுத்தார். நான் சந்தோஷமாகத் தொடங்குவதற்குள், பல்கலைக்கழகத்திலிருந்து புது உத்தரவு வந்திருக்கிறது என்றார். பி.யூ.சி.யைப் பிளஸ் டூவுக்குச் சமமாக வைத்துவிட்டார்களாம். அதனால் பி.யூ.சி. மாணவிகள் இனிக் கல்லூரிப் போட்டிகளில் ஆடக் கூடாது. பட்ட வகுப்புக்கு வந்த பிறகுதான். இலவச விடுதி இடம் ஆடுகிறவர்களுக்கு மட்டும் என்பதால், நீங்கள் தேடிப் போன பெண்ணை அழைத்து வர வேண்டாம், வேறு ஆளைப் பாருங்கள் என்று முடித்துவிட்டார்.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன். ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே ஈஸ்வரி புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். சொல்லாமலே அழைத்துப் போய்ச் சேர்த்துவிட்டு, அங்கே போனபின் பார்த்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஒரு கல்யாணத்தையே தள்ளிவைத்துவிட்டு வந்தவர்களிடம் அப்படிச் செய்ய மனசு வரவில்லை. முழுவதையும் சொன்னேன். ஒரு வருஷம் அவள் எந்தப் போட்டியிலும் ஆட முடியாது. விடுதியில் இலவச இடமும் கிடையாது.

முத்தையா டிரங்குப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். ஈஸ்வரி அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"மேச்சுல ஆடக் கூடாது. சரி. கிரவுண்டுல எறங்கக் கூடாதுன்னும் போட்டிருக்கா டீச்சர்?"

அப்படி எதுவும் இல்லை என்றேன்.

"அப்பப் போவோம்" என்றாள். முத்தையா பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார், பணத்தைத் தானே கட்டுவதாகவும் சொன்னார்.

மறுபடி டிரங்கால் போட்டேன். அந்தப் பெண் வருகிறாள், முதல் வருஷம் என் வீட்டில் என்னோடும் என் தங்கையோடும் இருப்பாள், பணம் கட்டிப் படிப்பாள், தினமும் அணியோடு பயிற்சிக்கு வருவாள் என்றேன். முதல்வரிடம் அதுவரை நான் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை, அவர் மறுக்க இடம் கொடுக்காமல் பேசினேன், அவ்வளவுதான். கடைசியில் அவர், உங்கள் பொறுப்பு என்றார்.

மதிய வண்டியில் கிளம்பினோம். ஜன்னலில் மலை வெகுதூரம் கூடவே வந்தது. நான் பிறந்த ஊர் கரிசல் காடு, கண்ணுக்கெட்டிய தூரம் சமதரை. அங்கே தெருவுக்குத் தெரு ஹாக்கி ஆடுவார்கள். நல்ல மண் இருப்பதால்தான் நல்ல ஆட்டக்காரர்கள் வருகிறார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பயணத்துக்குப் பிறகு சொல்வதில்லை.

அந்த வருஷம் முழுக்க ஈஸ்வரி பயிற்சியில் ஆடினாள், போட்டி நாட்களில் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தாள். பயிற்சியில் அவளைத் தாண்டிக் கோல் போட முடியாமல் தவித்த எங்கள் முன்வரிசைப் பெண்கள் வெளியணிகளுக்கு எதிராக அள்ளி அள்ளிப் போட்டார்கள். தையில் கல்யாணம் நடக்கவில்லை. மறு தையில் பாண்டி பக்கத்து ஊரான தேவாரத்தில் பெண் கட்டினார். பத்திரிகை எனக்கும் வந்தது, ஈஸ்வரிக்குத் தனியாகவும் வந்தது. அவள் போய் வந்தாள்.

அதற்கு முன்பே, எழுபத்தொன்பதில் பட்ட வகுப்பில் சேர்ந்ததும் அவளுடைய முதல் ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. சிலமலையிலிருந்து ஒரு ஜீப் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஓட்டி வந்தவர் பாண்டிதான். முத்தையா வெள்ளை வேட்டியில் கோட்டோரம் நின்றார். அணிகளை அறிமுகப்படுத்தும்போது ஒலிபெருக்கியில், "பின்காவல், போடிநாயக்கனூர் ஈஸ்வரி" என்று சொன்னார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். முத்தையா தட்டவில்லை. மைதானத்தைச் சுற்றிக்கொண்டு நேரே மைக் இருந்த மேசைக்குப் போனார். நான் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினேன். அவர் மைக் பிடித்திருந்த மாணவியிடம் குனிந்து ஏதோ சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

அவள் சிரித்தபடி மைக்கை மறுபடி எடுத்தாள். "மன்னிக்கவும். பின்காவல், சிலமலை முத்தையா மகள் ஈஸ்வரி."